எதிராளி கையில் மின்னும் 'ஷைனி': பிடிக்க முடியாத அபூர்வத்துக்குப் பின்னால் உள்ள கணக்கு என்ன?

சிவப்பு நிறத்தில் ஒரு கியாரடாஸ். வழக்கமாக நீலமாக இருக்க வேண்டியது. திரையில் அது தோன்றும்போது சுற்றி நட்சத்திரங்கள் மின்னுகின்றன. போகிமான் விளையாடுபவர்களுக்கு அந்த ஒரு விநாடி போதும், தூக்கம் போய்விடும். ஆனால் அது காட்டில் திரியும் போகிமான் இல்லை, எதிரே நிற்கும் கணினி எதிராளியுடையது. பந்தை எறிந்தால், எதிராளி தட்டிவிடுவார். 'திருடாதே' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். சண்டை முடிந்ததும் அந்த அபூர்வம் போயே போச்சு.

ரசிகர்கள் தாங்களே உருவாக்கி இலவசமாக வெளியிடும் போகிமான் பாணி விளையாட்டுகளில் இந்தக் காட்சி அடிக்கடி பேசுபொருளாகிறது. 'எதிராளிக்கு மட்டும் ஷைனி, எனக்கு ஏன் இல்லை?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

கேட்க விளையாட்டுத்தனமாக இருந்தாலும், இதற்கான பதிலில் இன்றைய செல்போன் விளையாட்டு உலகமே அடங்கியிருக்கிறது. அபூர்வம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், அது எப்படி விற்பனைப் பொருளாகிறது, 2025-ல் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இதில் எங்கே கோடு போடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'ஷைனி' என்றால் என்ன?

போகிமான் விளையாட்டின் முதல் பதிப்புகள் 1996-ல் ஜப்பானில் வந்தன. அவற்றில் ஷைனி கிடையாது. 1999-ல் வந்த 'கோல்டு', 'சில்வர்' பதிப்புகளில்தான் முதன்முறையாக, ஒரே உயிரினத்தின் நிறம் மாறிய அபூர்வ வகை அறிமுகமானது. பலம், திறமை எல்லாம் மற்றவை போலவேதான். நிறம் மட்டும் வேறு. கூடவே தோன்றும்போது ஒரு மினுமினுப்பு.

அந்த மினுமினுப்பு கிடைக்கும் வாய்ப்பு 8,192-ல் ஒன்று. 2013-ல் வந்த 'எக்ஸ்', 'ஒய்' பதிப்புகளில் இது 4,096-ல் ஒன்றாக மாற்றப்பட்டது. அதாவது வாய்ப்பு இரண்டு மடங்கானது. ஒரே இரவில் ஒரு 'அபூர்வம்' பாதி அபூர்வமாகிவிட்டது. அந்த உயிரினத்தில் எதுவும் மாறவில்லை. நிறுவனத்தில் யாரோ ஓர் எண்ணை மாற்றினார்கள்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

4,096-ல் ஒன்று என்றால் நடைமுறையில் எவ்வளவு?

எண்ணாகச் சொன்னால் 0.024 சதவீதம். இது பலருக்கும் உறைக்காது. நேரமாகச் சொன்னால் உறைக்கும்.

ஒரு காட்டு போகிமானைச் சந்தித்து, நிறத்தைப் பார்த்து, தப்பி ஓட 20 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 4,096 முறை சந்திக்க ஏறக்குறைய 22 மணி 45 நிமிடம் வேண்டும். சேலம் பேருந்து நிலையத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கு வைத்தால், வழி முழுக்கத் தலை நிமிராமல் விளையாடியபடி 18 தடவை பயணம் செய்ய வேண்டும்.

சரி, 18 பயணம் முடிந்ததும் ஷைனி கண்டிப்பாகக் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. 4,096 முறை முயன்ற 100 பேரில் 63 பேருக்குத்தான் குறைந்தது ஒன்றாவது கிடைத்திருக்கும். மீதி 37 பேருக்குப் பூஜ்யம். முயற்சியை 8,192 ஆக உயர்த்தினாலும் 100-ல் 13, 14 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள்.

'இவ்வளவு நேரம் வரலை, இனிமே வந்துதான் ஆகணும்' என்று தோன்றும். இங்கேதான் மூளை ஏமாறுகிறது. ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி. முந்தைய 4,000 தோல்விகளை விளையாட்டு நினைவில் வைத்திருப்பதில்லை. 4,001-வது முறையிலும் வாய்ப்பு அதே 4,096-ல் ஒன்றுதான். தோற்றதைக் கணக்கில் வைத்து வாய்ப்பைக் கூட்டித் தரும்படி தனியாக விதி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இது மாறும்.

முட்டை ஊருக்குத் தெரிந்த கணக்கு

நாமக்கல்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. உடைத்தால் இரண்டு மஞ்சள் கரு இருக்கும் முட்டையை வீட்டில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அது ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு வீட்டுக்கு அது அதிசயம். ஆனால் நாமக்கல் மண்டலத்தில் தினமும் முட்டை உற்பத்தி கோடிக்கணக்கில். ஒரு கோடி முட்டை என்று வைத்தாலே, ஆயிரத்தில் ஒன்று என்பது நாளொன்றுக்கு 10,000. பண்ணைக்காரருக்கு அது அன்றாடம்.

இன்னொன்றும் உண்டு. இரட்டைக் கரு எல்லாக் கோழியிடமும் ஒரே அளவில் வருவதில்லை. முட்டையிடத் தொடங்கிய புதிய இளம் கோழிகளிடம் அதிகம் வரும், வயது ஏற ஏறக் குறையும். எந்தக் கொட்டகையில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து 'அபூர்வம்' மாறிவிடுகிறது.

விளையாட்டிலும் இதேதான். இரண்டாம் தலைமுறைப் பதிப்புகளில், பெற்றோரில் ஒன்று ஷைனியாக இருந்து முட்டை பொரித்தால், குஞ்சு ஷைனியாக வரும் வாய்ப்பு 64-ல் ஒன்று வரை உயரும். காட்டில் 8,192-ல் ஒன்று, பண்ணையில் 64-ல் ஒன்று.

அப்படியானால் எதிராளியிடம் எப்படி வருகிறது?

இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். காட்டு போகிமானுக்கு நடக்கும் அதே குலுக்கல் எதிராளியின் போகிமானுக்கும் நடக்கிறது, அவருக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

அதிகாரபூர்வ விளையாட்டுகளில், மூன்றாம் தலைமுறை முதல் ஒரு போகிமான் ஷைனியா இல்லையா என்பதை அதற்கான அடையாள எண்ணும் உரிமையாளரின் எண்ணும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இரண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, வரும் விடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் ஷைனி. 'எமரால்டு' பதிப்பில் கணினி எதிராளியின் போகிமானை உருவாக்கும்போது, விடை ஷைனியாக வந்துவிட்டால் உரிமையாளர் எண்ணை மறுபடியும் குலுக்கி எடுக்கும் ஏற்பாடு உண்டு. ஷைனி வராத எண் கிடைக்கும்வரை விடாது. அதாவது, எதிராளிக்குத் தற்செயலாகக்கூட ஷைனி வரக் கூடாது என்று வேண்டுமென்றே கதவை அடைத்திருக்கிறார்கள்.

ஏன்? காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. பிடிக்கவே முடியாத ஒன்றை, பிடிப்பதையே நோக்கமாகக் கொண்ட விளையாட்டில் கண்முன் காட்டினால் விளையாடுபவர் கடுப்பாவார்.

ரசிகர் விளையாட்டுகளுக்கு வருவோம். இவற்றில் கணிசமானவை 'ஆர்பிஜி மேக்கர் எக்ஸ்பி' என்ற மென்பொருளில், 'போகிமான் எசென்ஷியல்ஸ்' என்ற ஆயத்தத் தொகுப்பை வைத்து உருவாக்கப்பட்டவை. அந்தத் தொகுப்பின் அமைப்புப் பக்கத்தில் ஷைனி வாய்ப்புக்கு ஒரு வரி உண்டு. 65,536-க்கு எத்தனை என்று அதில் எழுத வேண்டும். 8 என்று எழுதினால் 8,192-ல் ஒன்று. 16 என்றால் 4,096-ல் ஒன்று. 655 என்று எழுதினால் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. உருவாக்குபவர் விருப்பம்தான்.

எதிராளிகளுக்குத் தனிக் கோப்பு. யார் பெயர், எந்தப் போகிமான், எந்த நிலை என்று வரிசையாக எழுதியிருக்கும். அதில் 'ஷைனி: ஆம்' என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் போகிமான் எல்லா முறையும், எல்லோருக்கும் ஷைனியாகவே வரும். சேர்க்காவிட்டால் வரவே வராது. இங்கேயும் இயல்புநிலை கதவு அடைப்புதான்.

ஆக, எதிராளியிடம் ஷைனியைப் பார்த்தால் பெரும்பாலும் அர்த்தம் ஒன்றுதான்: யாரோ உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார். அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை.

கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்?

சில உருவாக்குநர்கள் தொகுப்பின் நிரலை மாற்றி, எதிராளிகளுக்கும் அதே குலுக்கலைத் திறந்துவிடுவது உண்டு. அப்போது கணக்கு சுவாரசியமாகும்.

ஒரு விளையாட்டில் 300 எதிராளிகள், ஆளுக்கு சராசரியாக 3 போகிமான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900. 4,096-ல் ஒன்று என்ற வாய்ப்பில், விளையாட்டை முழுதாக முடிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஓர் எதிராளியிடமாவது ஷைனியைச் சந்திப்பார். மீதி நான்கு பேர் கடைசிவரை பார்க்கவே மாட்டார்கள்.

10,000 பேர் விளையாடினால் ஏறக்குறைய 2,000 பேர் பார்ப்பார்கள். அந்த 2,000 பேரில் பலர் திரையைப் படம்பிடித்துப் போடுவார்கள். பார்க்காத 8,000 பேர் 'எனக்கு வரலை' என்று வீடியோ போடுவதில்லை. அதனால் செல்போனில் வீடியோ பார்க்கிறவருக்கு 'எல்லாருக்கும் வருது, எனக்குத்தான் வரலை' என்று தோன்றும். லாட்டரியில் ஜெயித்தவர் படம் மட்டுமே நாளிதழில் வந்த காலத்தில் நடந்ததும் இதேதான்.

எழுதி வைப்பவர்கள் ஏன் எழுதி வைக்கிறார்கள்?

மூன்று காரணங்கள் பொதுவாகத் தெரிகின்றன.

முதலாவது, கதை. 'கோல்டு', 'சில்வர்' விளையாட்டின் ஆத்திர ஏரியில் வரும் சிவப்பு கியாரடாஸ் இதற்குத் தாய் உதாரணம். ராக்கெட் கும்பல் அனுப்பும் வானொலி அலைகளால் பாதிக்கப்பட்டது என்று கதை சொல்லும். அது குலுக்கலில் வருவதல்ல. விளையாடும் ஒவ்வொருவருக்கும் உறுதியாக வரும், பிடிக்கவும் முடியும். உலகத்தில் பலரும் பார்த்த முதல் ஷைனி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, அடையாளம். கடைசி எதிராளி சாதாரண ஆள் இல்லை என்பதை வசனம் இல்லாமல் சொல்ல நிறம் உதவும். கறுப்பு சாரிசார்ட் வந்து நின்றாலே 'இவன் வேற லெவல்' என்று புரிந்துவிடும்.

மூன்றாவது, ஆசை காட்டுவது. 'இதைப் பார்த்தாயா? நீயும் தேடு' என்று விளையாடுபவரை மறுபடியும் காட்டுக்கு அனுப்புவது.

முதல் இரண்டும் கதை சொல்லும் உத்தி. மூன்றாவது மட்டும் இரட்டை முனைக் கத்தி. நேரத்தை மட்டும் கேட்டால் அது பொழுதுபோக்கு. பணம் கேட்க ஆரம்பித்தால்?

எதிராளியின் ஷைனியைப் பிடிக்க வழியே இல்லையா?

இருந்திருக்கிறது. 2003-ல் கேம்கியூப் கருவிக்கு வந்த 'போகிமான் கொலோசியம்' விளையாட்டில், எதிராளிகளிடம் இருக்கும் 'நிழல் போகிமான்'களைப் பறிக்கலாம். அவை ஷைனியாக வரவும் வாய்ப்பு இருந்தது. அடுத்து வந்த 'எக்ஸ்டி' விளையாட்டில் பறிக்கும் வசதி தொடர்ந்தது, ஆனால் நிழல் போகிமான் ஷைனியாக வருவது அடைக்கப்பட்டது. அதே தொடர், அதே வசதி, விதி மட்டும் வேறு.

செல்போனில் விளையாடும் 'போகிமான் கோ'வில் ராக்கெட் கும்பலின் தலைவர்களை வென்றால், அவர்கள் விட்டுச்செல்லும் நிழல் போகிமானைக் காப்பாற்றலாம். அது ஷைனியாகவும் இருக்கக்கூடும். 2016 டிசம்பரில் ஜியோவுடன் கைகோத்து இந்தியாவுக்கு வந்த விளையாட்டு இது. 2025-ல் இதன் உரிமையாளர் நியான்டிக் தன் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்றது. தெருவில் நடந்து நிறம் மாறிய உயிரினங்களைத் தேடும் பழக்கத்துக்கு இருக்கும் சந்தை மதிப்பை இது காட்டுகிறது.

சேவலில் இருக்கும் அபூர்வமும் இதுவும் ஒன்றா?

சேலம், நாமக்கல் பக்கம் கட்டுச்சேவல் வளர்ப்பவர்களிடம் நிறத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு பாடமே நடத்துவார்கள். காகம், கீரி, மயில் என்று நிறத்தை வைத்தே சேவலுக்குப் பெயர். கிளி போல் வளைந்த அலகும் விசிறி போல் விரிந்த வாலும் கொண்ட கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குத் தமிழகத்தில் தனிக் கண்காட்சிகளே நடக்கின்றன. விலையும் சாதாரணச் சேவலோடு ஒப்பிட முடியாது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும்: தோற்றத்தில் அபூர்வம், அதனால் மதிப்பு. ஆனால் சேவலின் அபூர்வத்துக்கு ஒரு கையிருப்புக் கணக்கு உண்டு. தாய், தந்தை பார்த்துச் சேர்க்க வேண்டும். தலைமுறைகள் ஆகும். தீனி, மருந்து, இடம், உழைப்பு. நாளைக்கே பத்தாயிரம் கிளிமூக்குச் சேவல் வேண்டும் என்றால் யாராலும் தர முடியாது.

விளையாட்டில் உள்ள அபூர்வத்துக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு கிடையாது. நிறுவனம் நினைத்தால் இன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஷைனி தரலாம். தராமல் இருப்பது ஒரு முடிவு. தட்டுப்பாட்டை உருவாக்கிவிட்டு, அதிலிருந்து தப்பிக்கும் வழியை விற்பதுதான் இன்றைய பல செல்போன் விளையாட்டுகளின் வியாபாரம்.

ரசிகர் விளையாட்டில் ஏன் கடை இல்லை?

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ரசிகர் விளையாட்டுகள் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உருவாக்கப்படுபவை. பாத்திரங்களும் பெயர்களும் நின்டெண்டோ, போகிமான் நிறுவனம் ஆகியவற்றின் சொத்து. 2016 ஆகஸ்டில் வெளியான 'போகிமான் யுரேனியம்', ஒன்பது ஆண்டு உழைப்பில் உருவானது. சில நாட்களிலேயே 15 லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டது. நின்டெண்டோவின் வழக்கறிஞர்கள் அனுப்பிய நோட்டீஸ்களுக்குப் பிறகு, உருவாக்கியவர்களே அதிகாரபூர்வப் பதிவிறக்க இணைப்புகளை எடுத்துவிட்டார்கள். 2018 ஆகஸ்டில் 'போகிமான் எசென்ஷியல்ஸ்' தொகுப்பின் தளமும் காப்புரிமைப் புகாரால் முடங்கியது.

இந்தியாவிலும் 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் ஓவியங்களையும் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. 'நான் காசு வாங்கலையே' என்று சொல்வது மட்டும் தானாகவே பாதுகாப்பு ஆகிவிடாது. ஆனால் காசு வாங்கினால் ஆபத்து இன்னும் கூடும். அதனாலேயே ரசிகர் உருவாக்குநர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்குள் எதையும் விற்பதில்லை.

விளைவு, சட்டப்படி நிச்சயமில்லாத இந்த விளையாட்டுகளில்தான், அபூர்வத்துக்குப் பின்னால் பணப்பெட்டி இல்லை. எதிராளியிடம் இருக்கும் ஷைனி உங்களை அலைக்கழிக்கலாம். ஆனால் '79 ரூபாய் கட்டினால் இன்னொரு வாய்ப்பு' என்று கேட்பதில்லை.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

'வாய்ப்பை நம்பி ஆடுறது எல்லாமே சூதாட்டம்தானே, இதையும் தடை செஞ்சுட்டாங்களா?' என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். சந்தேகம் நியாயமானது. ஆன்லைன் ரம்மியால் தமிழகத்தில் பல குடும்பங்கள் பட்ட பாடு அப்படி.

தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்டதை ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 மணி வரை ஆட முடியாது. இந்த விதிமுறைகளை 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

அதன் பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வேறு பாதையில் போனது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய விவாதத்தை அது ஓரங்கட்டிவிட்டது. கட்டணமோ பணமோ வேறு பந்தயமோ கட்டி, பணம் அல்லது வேறு ஆதாயம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடினால் அது 'ஆன்லைன் பண விளையாட்டு', அதற்குத் தடை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸும், பந்தயம் இல்லாத சமூக விளையாட்டுகளும் தனி வகை. இந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

இந்த அளவுகோலில் பார்த்தால், பணமே கைமாறாத ஒரு விளையாட்டில் 4,096-ல் ஒன்று என்ற குலுக்கல் சூதாட்டம் ஆகாது. சட்டம் பார்ப்பது குலுக்கலை அல்ல, பந்தயத்தை.

அப்போ காசு கட்டித் திறக்கும் பெட்டிகள்?

இதுதான் இன்னும் தெளிவாகாத இடம். பணம் கட்டி, உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டியை 'லூட் பாக்ஸ்' என்பார்கள். ஜப்பானில் 'காச்சா'. மத்திய அரசின் புதிய சட்டத்தில் லூட் பாக்ஸ் என்ற பெயரே இல்லை. அதேசமயம், 'வேறு பந்தயம்' என்பதற்கான விளக்கத்தில், காசு கொடுத்து வாங்கிய, பணத்துக்கு நிகராகக் கருதப்படும் அல்லது பணமாக மாற்றக்கூடிய மெய்நிகர் நாணயங்களும் டோக்கன்களும் பொருட்களும் வருகின்றன. ஒரு பெட்டியில் வரும் அபூர்வப் பொருளை வெளிச்சந்தையில் விற்க முடியும் என்றால் அது எந்தப் பக்கம் விழும் என்பது இனிமேல் வழக்குகளில்தான் தெளிவாகும்.

மற்ற நாடுகள் முன்பே மோதிப் பார்த்துவிட்டன. குறிப்பிட்ட அபூர்வப் பொருட்களை முழு செட்டாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற 'கம்ப்ளீட் காச்சா' முறை சட்டவிரோதம் என 2012-ல் ஜப்பானின் நுகர்வோர் விவகார அமைப்பு அறிவித்தது. எந்தப் பொருள் எத்தனை சதவீதம் வரும் என்று வெளியிட வேண்டும் என்பதை 2017-ல் சீனா கட்டாயமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமும் தன் ஆப் ஸ்டோரில் இதே விதியைக் கொண்டுவந்தது. 2018-ல் பெல்ஜியம், காசு கட்டும் லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானது என்றது.

நான்குக்கும் அடிப்படை ஒன்றுதான்: அபூர்வத்தை எழுதுபவர் அதை மறைத்து விற்கக் கூடாது.

செல்போனில் விளையாடுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆர்பிஜி மேக்கர் விளையாட்டுகளை ஆண்ட்ராய்டு செல்போனில் ஓடவைக்க ஜாய்ப்ளே போன்ற செயலிகள் உள்ளன. அதனால் கணினி இல்லாதவர்களும் ரசிகர் விளையாட்டுகளுக்கு வருகிறார்கள். கூடவே சில வம்புகளும் வருகின்றன.

- 'எல்லா ஷைனியும் உறுதி' என்று வரும் மாற்றியமைத்த ஏபிகே கோப்புகளை நிறுவ வேண்டாம். வங்கிச் செயலி இருக்கும் அதே செல்போனில், யார் எழுதியது என்று தெரியாத நிரலுக்கு இடம் கொடுக்கும் வேலை அது.

- ரசிகர் விளையாட்டின் பெயரில் யாராவது காசு கேட்டால் சந்தேகப்படுங்கள். உருவாக்கியவர் இலவசமாகத் தந்ததை வேறு யாரோ விற்றுக்கொண்டிருக்கலாம்.

- அபூர்வ போகிமான் உள்ள கணக்கை வாங்குவது, விற்பது வேண்டாம். 'போகிமான் கோ' விதிகள் அதை அனுமதிப்பதில்லை. கணக்கு முடக்கப்பட்டால் கொடுத்த பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

- காசு கட்டும் விளையாட்டில் வாய்ப்புச் சதவீதம் எங்கே வெளியிடப்பட்டுள்ளது என்று முதலில் தேடுங்கள். இல்லை என்றால், அந்த இல்லாமையே ஒரு பதில்.

- 'இன்னும் பத்து முறை, கண்டிப்பா வரும்' என்று தோன்றும்போது 4,001-வது முயற்சியின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எதிராளியின் ஷைனி சொல்வது என்ன?

நீங்கள் பிடிக்கும் ஷைனி, அதிர்ஷ்டம் என்ற உணர்வைத் தருகிறது. அந்த மகிழ்ச்சியில், வாய்ப்பை யாரோ எழுதியிருக்கிறார் என்பது மறந்துபோகும். எதிராளியின் ஷைனி அதை மறக்க விடுவதில்லை. கண்முன் இருக்கிறது, கைக்கு வராது. காரணம், கோப்பில் உள்ள ஒரே ஒரு வரி.

அந்த வரியை நீங்களே மாற்றிப் பார்க்கவும் முடியும். ஆயத்தத் தொகுப்பைப் பயன்படுத்தி விளையாட்டு உருவாக்கப் பழகும் மாணவர்கள் முதலில் விளையாட்டாகத் தொடும் இடங்களில் ஷைனி எண்ணும் ஒன்று. 16-ஐ 65,536 என்று மாற்றினால் சந்திக்கும் எல்லாமே ஷைனி. முதல் ஐந்து நிமிடம் குதூகலமாக இருக்கும். ஆறாவது நிமிடத்தில், நீல நிற கியாரடாஸ் ஒன்று வராதா என்று தேடத் தோன்றும்.